சாதிக்கு எண் போடும் கணினியிடம் நாம் கேட்க வேண்டியவை

சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்து வந்தோம். கேலி செய்தார்கள். நாட்டைப் பிளக்கப் பார்க்கிறீர்கள் என்றார்கள். கடைசியில் 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவைக் குழு அதற்கு ஒப்புதல் தந்தது. 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் தலைகளை எண்ணுவதோடு வேலை முடிந்துவிடாது. எண்ணி முடித்த பிறகு இன்னொரு வேலை தொடங்கும். யார் எவ்வளவு பின்தங்கியவர் என்று ஒவ்வொரு சாதிக்கும் ஓர் எண் எடுக்கும் வேலை அது. தெலங்கானா அரசு 2024 நவம்பரில் கணக்கெடுப்பைத் தொடங்கியது. அந்தத் தரவை ஆராய நீதியரசர் சுதர்சன் ரெட்டி தலைமையில் அமைக்கப்பட்ட வல்லுநர் குழு, சாதிகளுக்கான கூட்டுப் பின்தங்கிய நிலைக் குறியீடு ஒன்றை உருவாக்கியது. மற்ற மாநிலங்களும் ஏதாவது ஒரு வகையில் இந்தப் பாதையில்தான் வரும்.

வராமல் இருக்கவும் முடியாது, ஏனென்றால் நீதிமன்றங்கள் எண் கேட்கின்றன. வன்னியருக்கான 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 31 அன்று செல்லாது என்றது. போதிய சமகாலத் தரவு இல்லை என்பது அதற்குச் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று. பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2009-இல் தமிழ்நாடு அருந்ததியருக்குத் தந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு அது அரண். அதே தீர்ப்பு, அளவிடத்தக்க தரவைக் காட்டித்தான் உட்பிரிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, இனி நமக்காகவும் நமக்கெதிராகவும் மன்றத்தில் பேசப் போவது அட்டவணைகள். அட்டவணை படிக்கத் தெரியாத இயக்கம், அடுத்தவர் படித்துச் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

இதை நான் பேசுவதற்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வரும் தோழர் ஒருவர் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். பனியன் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்நிலையும் சாதியும் என்பது தலைப்பு. அவருடைய கேள்வித்தாளைக் காட்டினார். சாதி என்ற கேள்விக்கு நேராக, நெறியாளர் போட்டுத் தந்த குறியீடு இருந்தது. எஸ்.சி. என்றால் 1, எம்.பி.சி. என்றால் 2, பி.சி. 3, ஓ.சி. 4. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'வரிசைசார் மாறி' என்று எழுதியிருந்தது. யாரும் யோசிக்காமல் செய்த காரியம் அது. எல்லாக் கல்லூரியிலும் இப்படித்தான் செய்கிறார்கள். கணினிக்கு மனுவைத் தெரியாது. நாமே அதை உட்காரவைத்து ஏணியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

அவர் பயன்படுத்தும் முறைக்கு வகைசார் முதன்மைக்கூறு பகுப்பாய்வு என்று பெயர். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் கேட்பிசிஏ என்று இருக்கும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு பனியன் போதும்.

ஒரு பனியனைப் பற்றி மூன்று விதமாகத் தகவல் சொல்லலாம். நிறம் சிவப்பு, கறுப்பு, நேவி. இவை வெறும் வகைகள், எது மேல் எது கீழ் என்று கிடையாது. சைஸ் எஸ், எம், எல், எக்ஸெல். இவற்றுக்கு வரிசை உண்டு. ஆனால் எம்முக்கும் எல்லுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அந்த எழுத்துகள் சொல்லாது. மார்பு அகலம் இத்தனை சென்டிமீட்டர் என்பது மூன்றாவது வகை, நேரடியான அளவு. கட்டிங் மாஸ்டரிடம் போய் 'எல்' என்று மட்டும் சொன்னால் துணி வெட்ட மாட்டார். எந்த பையருக்கு என்று கேட்பார். ஐரோப்பிய பையரின் எல் வேறு, அமெரிக்க பையரின் எல் வேறு. மெஷர்மென்ட் சார்ட்டைப் பார்த்த பிறகுதான் அந்த எழுத்துக்கு ஓர் எண் வரும்.

கேட்பிசிஏ செய்வதும் அதைத்தான். வீட்டுச் சுவர் மண்ணா செங்கல்லா, தண்ணீர் வீட்டுக் குழாயிலா பொதுக் குழாயிலா, வேலை கைமடியா டெய்லரா சாயப்பட்டறையா, சாதி எது என்று வகை வகையாக வந்த பதில்களுக்கெல்லாம் அது எண் கொடுக்கிறது. எந்த எண்ணைக் கொடுத்தால் இந்தப் பதில்கள் எல்லாம் ஒன்றோடொன்று மிக நெருக்கமாகச் சேர்ந்து வருமோ, ஓரிரண்டு அச்சுகளில் பெரும்பகுதி வேறுபாடு அடங்குமோ, அந்த எண்ணைத் திரும்பத் திரும்பத் தேடிக் கண்டுபிடிக்கிறது. அப்படி ஒவ்வொரு வகைக்கும் கிடைக்கும் எண்ணை நாம் 'வகையெண்' என்று வைத்துக்கொள்வோம். பையர் மாறினால் எல்லின் சென்டிமீட்டர் மாறுவதைப் போல, கேள்விகள் மாறினால் வகையெண்ணும் மாறும். ஒரு சாதிக்குக் கிடைத்த வகையெண் அந்தச் சாதியின் குணம் அல்ல. அந்தச் சாதியில் பிறந்தவர்கள் மற்றக் கேள்விகளுக்குத் தந்த பதில்களோடு அந்த வகை எப்படிச் சேர்ந்து வருகிறது என்பதன் கணக்கு.

இங்கேதான் 'வரிசைசார்' என்ற அந்த ஒற்றைச் சொல் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சாதியை வரிசைசார் மாறி என்று அறிவித்துவிட்டால், 1-க்குக் கிடைக்கும் எண் 2-க்குக் கிடைப்பதைத் தாண்டக் கூடாது, 2-இன் எண் 3-இன் எண்ணைத் தாண்டக் கூடாது என்று கணினிக்குக் கட்டளை போட்டதாக ஆகிவிடும். தரவு அந்த வரிசைக்குப் பணிய மறுத்தால்? அப்போது கணினி எச்சரிக்கை எதுவும் தராது. முரண்டு பிடிக்கும் பக்கத்துப் பக்கத்து வகைகளை ஒன்றாக்கி, இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டு மூடிவிடும். அட்டவணையில் எம்.பி.சி.க்கும் பி.சி.க்கும் ஒரே எண் இருப்பதைப் பார்த்தவர், இரண்டுக்கும் வேறுபாடே இல்லை என்று எழுதிவிடுவார். உண்மையில் வரிசை தலைகீழாக இருந்ததையே அந்த ஒரே எண் மறைத்திருக்கக் கூடும். கல்வியைப் போல உண்மையிலேயே வரிசை உள்ள கேள்வியிலும் இதே ஆபத்து உண்டு. எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒரே வகையெண் வந்தால், அந்தப் படிப்பால் வாழ்க்கையில் எந்த மாற்றமும் இல்லை என்பது ஒரு விளக்கம். பத்து படித்தவர் எட்டு படித்தவரைவிட மோசமாக இருக்கிறார் என்பது இன்னொரு விளக்கம். வரிசைக் கட்டளையை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தால்தான் எது என்று தெரியும். பெரும்பாலும் யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை.

சாதியை வெறும் வகையாக, பனியனின் நிறத்தைப் போல, விட்டுவிட்டால் என்ன ஆகும்? அப்போது வரிசை எதுவும் முன்கூட்டியே இல்லை. குழாயும் கழிப்பறையும் கூரையும் கூலியும் சேர்ந்து, கணினி தானாகவே சாதிகளை ஒரு வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினால், அது சான்று. நாம் இட்ட ஏணியைக் கணினி திருப்பிக் கொடுத்தால் அது எதிரொலி. இட ஒதுக்கீட்டை எதிர்ப்பவர் நாளை நீதிமன்றத்தில் முதலில் கை வைக்கப் போவது இந்த இடத்தில்தான். நீங்களே வரிசையை உள்ளே போட்டீர்கள், அதுவே வெளியே வந்தது என்று அவர் சொன்னால் நம்மிடம் பதில் இருக்காது. எனவே அறத்துக்காக மட்டுமல்ல, வழக்குக்காகவும் அந்த ஏணியை எடுத்தாக வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம் என்பது என் கருத்து. சாதியை இந்தக் கணக்குக்குள் விடவே வேண்டாம். வாழ்நிலைக் கேள்விகளை மட்டும் வைத்து அச்சுகளைக் கணக்கிடட்டும். அதன் பிறகு சாதியைத் துணை மாறியாக வைத்து, ஒவ்வொரு சாதியாரும் எங்கே விழுகிறார்கள் என்று பார்க்கட்டும். மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது. சாதியும் உள்ளே இருந்தால், மற்றப் பதில்களோடு மிக அதிகம் ஒட்டிப்போகும் எண்ணைத் தேடித்தான் கணினி சாதிக்குக் கொடுக்கும். தொடர்பு இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரியும். நமக்கு அந்த உபகாரம் தேவையில்லை. உபகாரம் இல்லாமலேயே சாதி வெளியே தெரியும் நாடு இது.

அடுத்தது குறிகள். மைனஸ் போட்ட எண்ணைப் பார்த்ததும் கீழ் என்று படிப்பவர்கள் நிறைய. இந்தப் பகுப்பாய்வில் எந்தப் பக்கம் மைனஸ், எந்தப் பக்கம் பிளஸ் என்பது தற்செயல். மொத்தத்தையும் திருப்பிப் போட்டாலும் விடை அதே விடைதான். வகையெண்ணை அந்தக் கேள்வியின் சுமையெண்ணோடு, அதாவது அந்தக் கேள்வி அச்சோடு எந்தத் திசையில் எவ்வளவு வலுவாகச் சேர்ந்து போகிறது என்று காட்டும் எண்ணோடு பெருக்கினால்தான் அந்த வகை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியும். மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ் என்று ஏழாம் வகுப்பில் படித்ததுதான்.

எண்ணின் பருமனைப் பற்றியும் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பேசுவதால் உண்டாகும் குழப்பம் அதிகம். வகையெண்களின் சராசரி பூச்சியமாகவும் பரவல் ஒன்றாகவும் இருக்கும்படி கணினி எப்போதும் சரிக்கட்டும். எடுத்துக்காட்டுக்காக, நூறு குடும்பங்களில் ஐம்பதில் கழிப்பறை இல்லை என்று வைத்துக்கொள்வோம். இல்லாதவருக்கு 1 கிடைக்கும், இருப்பவருக்கு மைனஸ் 1. வேறோர் ஊரில் நூறில் பத்துக் குடும்பத்தில் மட்டும் இல்லை என்றால், அந்தப் பத்துக்கு 3 கிடைக்கும், மீதித் தொண்ணூறுக்கு மைனஸ் 0.33. இரண்டே வகை உள்ள கேள்வியில் இந்த எண்ணைத் தீர்மானிப்பது தலைக்கணக்கு மட்டும்தான், வேறு எதுவுமில்லை. இரண்டாவது ஊரின் கழிப்பறை இல்லாத வாழ்க்கை முதல் ஊரின் வாழ்க்கையைவிட மூன்று மடங்கு கொடியது என்று அதற்குப் பொருளா? ஆள் குறைவு என்றுதான் பொருள். வகைகள் கூடும்போது மற்றக் கேள்விகளின் பங்கும் சேரும். ஆனாலும் சிறிய வகை ஓரத்துக்குத் தள்ளப்படும் வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கும். எனவே ஒரு சிறிய சமூகத்துக்குப் பெரிய எண் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஆடவும் வேண்டாம், அதைக் காட்டி இன்னொரு சமூகத்தை மட்டம் தட்டவும் வேண்டாம். அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை குடும்பங்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்குமுறையின் பிறப்பைப் பற்றிச் சாதி ஒழிப்புக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. முதன்மைக்கூறு பகுப்பாய்வின் மூலக் கட்டுரையை கார்ல் பியர்சன் வெளியிட்ட ஆண்டு 1901. அதே ஆண்டில்தான் இங்கே ஹெர்பர்ட் ரிஸ்லி மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிகளைச் சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்த முயன்றார். எங்களை மேலே போடு, அவர்களைக் கீழே போடு என்று மனுக்கள் குவிந்தன. ரிஸ்லி அதற்கு முன்பே மூக்கை அளந்து சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லக் கிளம்பியவர். பியர்சனின் ஆசான் பிரான்சிஸ் கால்டன், மனித இன மேம்பாட்டியல் என்ற பெயரில் உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்புக் கோட்பாட்டை அறிவியலாக்கப் பார்த்தவர். நாம் இன்று பயன்படுத்தும் புள்ளியியலின் தொட்டிலில் நிறவெறியும் படுத்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பின்னாளில் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகைகளுக்கு எண் தேடும் இந்த முறைகளை வளர்த்து, ஒரே புனைபெயரில் கூட்டாக எழுதினார்கள். ஆல்பர்ட் கிஃபி என்பது அந்தப் பெயர். அவர்களுடைய பெரிய நூல் 1990-இல் வெளிவந்தது. யார் இந்த கிஃபி? கால்டனிடம் நெடுங்காலம் வேலைக்காரராக இருந்தவர். எசமான் பெயரை விட்டு வேலைக்காரர் பெயரை எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. வேடிக்கைக்காகச் செய்தார்களோ என்னவோ, இருக்கட்டும்.

எதிரியின் அளவுகோலைக் கையில் வாங்கி அவன் வாதத்தையே அளக்கலாம் என்பதை நமக்குக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1948-இல் வெளியான 'தீண்டப்படாதவர்கள்' நூலில், மற்றவர்கள் எடுத்து வைத்திருந்த அதே மூக்கு அளவுகளை எடுத்துக்கொண்டார். இந்த அளவுகளை நம்புவதானால் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று காட்டி, தீண்டாமைக்கு இனக் காரணம் சொன்னவர்களின் வாயை அடைத்தார். அட்டவணையைக் கிழித்துப் போடவில்லை. உட்கார்ந்து படித்தார்.

நம் காலத்துக்கு வருவோம். மண்டல் ஆணையம் 1980 திசம்பரில் அறிக்கை கொடுத்தது. ஒரு சாதி பின்தங்கியதா என்று பார்க்க 11 அளவுகோல்கள் வைத்தது. சமூகம் சார்ந்தவை நான்கு, ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி. கல்வி சார்ந்தவை மூன்று, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பொருளாதாரம் சார்ந்தவை நான்கு, ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. மொத்தம் 22. அதில் பாதியாவது எடுத்த சாதி பின்தங்கியது. குடிநீர் அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் குடும்பங்கள் பாதிக்கு மேல் என்றால் 1 புள்ளி. மற்றவர்களால் சமூகத்தில் பின்தங்கியதாகக் கருதப்படும் சாதி என்றால் 3 புள்ளி. இந்த மூன்றும் இரண்டும் ஒன்றும் எங்கிருந்து வந்தன? மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். ஏன் அப்படி என்று கேட்டால், அரசமைப்புச் சட்டம் 'சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய' என்றுதான் சொல்கிறது, 'பொருளாதாரத்தில்' என்று சொல்லவில்லை என்று பதில் சொல்ல முடியும். பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு தரப்பு இருந்தது.

இது விருப்பு வெறுப்புக்கு உட்பட்டது, கணினியே எடையைத் தரட்டும், அதுதான் நடுநிலை என்று இப்போது சொல்வார்கள். இந்த நடுநிலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதன்மைக்கூறு முறை ஒன்றாகச் சேர்ந்து வரும் கேள்விகளுக்கே எடையை அள்ளிக் கொடுக்கும். வண்டி இருக்கிறதா, பிரிட்ஜ் இருக்கிறதா, டிவி இருக்கிறதா, கான்கிரீட் கூரையா, வீட்டுக்குள் குழாயா என்று பத்துக் கேள்வி உடைமையைப் பற்றிக் கேட்டு, கோயிலுக்குள் விடுகிறார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால், முதல் அச்சு உடைமை அச்சாகத்தான் வரும். பத்தும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். தேசியக் குடும்பநல ஆய்வில் தரும் செல்வக் குறியீடு முதன்மைக்கூறு முறையில் எடுக்கப்படுவதுதான். அதைச் செல்வக் குறியீடு என்று அழைக்கும்வரை தவறில்லை. அதே மாதிரி எடுத்த எண்ணுக்குப் 'பின்தங்கிய நிலை' என்று பெயர் மாற்றிவிட்டால், மண்டல் 1 புள்ளி போட்ட இடத்துக்குக் கணினி 3 புள்ளி போட்டதாக ஆகும். 2019-இல் 103-ஆவது திருத்தம் கொண்டுவந்து பொருளாதார அளவுகோலை முன்வாசல் வழியாக நுழைத்தார்கள். இது கொல்லைப்புற வாசல், திருத்தம்கூடத் தேவையில்லை.

இது வெறும் அச்சம் அல்ல என்பதற்கு எங்கள் மாவட்டத்தையே பாருங்கள். 2018 சூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஓர் அருந்ததியப் பெண் சத்துணவுச் சமையலராக வேலைக்கு வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடம் மாற்றியது. போராட்டம் வெடித்த பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அந்தப் பெண்ணை நம் கேள்வித்தாளில் நிரப்பிப் பாருங்கள். வேலை, அரசுப் பணி. சம்பளம், மாதா மாதம். பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் அடிக்கும் எத்தனையோ பேருக்கு இல்லாத உறுதி. முதல் அச்சில் அவர் நடுவிலோ அதற்கு மேலேயோ போய் உட்காருவார். அடுப்பங்கரையில் கால் வைக்க விடாத சாதி அந்த அச்சில் இல்லவே இல்லை.

அது இரண்டாம் அச்சில் இருக்கலாம். இரட்டைக் குவளை, கோயில் நுழைவு, சுடுகாட்டுப் பாதை, வாடகைக்கு வீடு மறுப்பது போன்றவற்றைக் கேட்டிருந்தால் அவை தமக்குள் சேர்ந்துகொண்டு தனி அச்சாக எழும்பும். அப்போது ஒரே சாதிக்கு ஒரு வகையெண் போதாது. இந்தப் பகுப்பாய்வில் ஒரு வகைக்கு ஒவ்வோர் அச்சிலும் தனித்தனி எண் கொடுக்கும் வழியும் உண்டு. பொருளியல் அச்சில் மேலே ஏறிய ஒரு சமூகம், இழிவு அச்சில் அதே இடத்தில் நிற்பதை அது காட்டும். ஒற்றை எண்ணாகச் சுருக்கியே தீருவேன் என்று அடம் பிடிப்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். ஆனால் நினைவிருக்கட்டும், கேட்காத கேள்விக்கு எந்த அச்சும் கிடையாது. இதுவரை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் சுவரையும் கூரையையும் கேட்டிருக்கின்றன. தீண்டாமையைக் கேட்டதில்லை.

இதிலும் பிடிபடாதவை உண்டு. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். பொறியியல் படித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர், கவுசல்யாவை மணந்தவர். எந்த மாதிரி ஆய்விலும் ஆணவக் கொலை என்பது ஆயிரத்தில் ஒரு குடும்பம்கூடத் தேறாத அரிய வகை. அது எந்தப் பெரிய அச்சோடும் சேர்ந்து வராது. ஆனால் அந்த ஒரு கொலை இந்த மாவட்டத்தில் எத்தனை காதலர்களை வாய் மூடவைத்தது என்று இங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். இதற்குக் குறியீட்டில் இடம் தேடாதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்தால் எழுதி வைக்க வேண்டியவை இவை.

வகையைப் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் உள்ள அரசியலைத் திருப்பூரை வைத்தே புரிந்துகொள்ளலாம். கிரேஸ் கார்ஸ்வெல், கியர்ட் டி நேவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் நெடுநாள் ஆய்வு செய்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பனியன்களையும் இரட்டைக் குவளையையும் சேர்த்துத் தலைப்பு வைத்திருந்தார்கள். ஒரு கிராமத்துத் தலித்துகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்வந்து, ஊர் ஆதிக்கச் சாதியின் பிடியிலிருந்து ஓரளவு விலகியிருந்தார்கள். இன்னொரு கிராமத்துத் தலித்துகள் உள்ளூர் விசைத்தறியில் முன்பணம் வாங்கி, தறி முதலாளியின் கடனில் கட்டுண்டு கிடந்தார்கள். கேள்வித்தாளில் இருவருக்கும் ஒரே கட்டம்தான், 'ஜவுளித் தொழிலாளர்'. அந்தக் கட்டத்துக்குக் கிடைக்கும் வகையெண் விடுபட்டவரையும் கட்டுண்டவரையும் கலந்து எடுத்த சராசரி. அது இரண்டு பேரில் எவருடைய வாழ்க்கையும் அல்ல. முன்பணம் வாங்கினீர்களா என்ற ஒரு கேள்வி அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரித்திருக்கும்.

எஸ்.சி. 1 என்று ஒரே கட்டமாகப் போட்டதிலும் இதே கோளாறு. அருந்ததியருக்குத் தனியாக 3 விழுக்காடு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விக்கே அந்தக் கட்டத்தில் விடை அழிந்துவிடுகிறது. எம்.பி.சி. என்ற கட்டத்தில் வன்னியரும் இருக்கிறார்கள், முடிதிருத்தும் சமூகமும் சலவைத் தொழில் செய்யும் சமூகமும் இருக்கிறார்கள். பி.சி. என்ற கட்டத்தில் இங்கே கம்பெனி வைத்திருப்பவரும் அந்தக் கம்பெனியில் பிசிர் வெட்டுபவரும் இருக்கிறார்கள். அப்படியென்றால் எல்லாவற்றையும் தனித்தனியாகவே வைத்துக்கொள்ளலாமா? 2011 சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் மக்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியதில் 46 இலட்சத்துக்கு மேற்பட்ட சாதிப் பெயர்கள் வந்து நின்றதாக ஒன்றிய அரசு 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 1931-இல் அந்த எண்ணிக்கை 4,147. எழுத்துப் பிழையும் பட்டப் பெயரும் குலப் பெயரும் தனித்தனிச் சாதியாக நின்றால் கணக்கு எதுவும் ஓடாது. சேர்த்துத்தான் ஆக வேண்டும். யார் சேர்க்கிறார், எந்தப் பட்டியலை வைத்துச் சேர்க்கிறார், சேர்ப்பதற்கு முந்தைய அட்டவணை வெளியே வருமா என்பவைதான் நம் கேள்விகள். 2011-இன் சாதித் தரவு இன்றுவரை வெளியே வரவில்லை என்பதை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விகளை இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும். கேள்விப் பட்டியல், மாறி ஒவ்வொன்றும் வரிசைசார்ந்ததா வெறும் வகையா என்ற அறிவிப்பு, ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, பெயர் நீக்கிய மூலத் தரவு ஆகிய நான்கும் குறியீட்டோடு சேர்ந்து வெளிவர வேண்டும் என்று சமூகநீதி இயக்கங்கள் இன்றே எழுத்தில் கேட்கலாம்.

வாசிப்பு வட்டத்துத் தோழரின் கேள்வித்தாளில் எண்களை அடித்துவிட்டோம். எஸ்.சி.யை மூன்றாகப் பிரித்தோம், முன்பணக் கேள்வியைச் சேர்த்தோம், வாடகை வீடு மறுக்கப்பட்டதா என்று கேட்கச் சொன்னோம். ஓர் இடத்தில் மட்டும் எங்களுக்குள் முடிவு எட்டவில்லை. ராயபுரத்து லைன் வீடுகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. அவர்களில் தம் ஊரில் பட்டியல் சாதியாக இருப்பவர் இங்கே வந்ததும் சட்டப்படி அந்தச் சலுகையை இழக்கிறார். பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதும், அந்த உரிமை மாநில எல்லை தாண்டாது என்பதும் 1990-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த நிலைப்பாடு. எஸ்.சி. கட்டத்தில் அவரைப் போட்டால் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கான கணக்கு கலங்கும் என்றார் ஒருவர். 'பிறர்' என்று போட்டால், சாயப்பட்டறையில் நிற்பவரும் வட்டிக் கடைக்காரரும் ஒரே கட்டத்தில் வருவார்கள் என்றார் இன்னொருவர். 'புலம்பெயர் தொழிலாளர்' என்று தனிக் கட்டம் போட்டால் சாதியே மறைந்துபோகும் என்பது என் வாதம். அடுத்த ஞாயிறு அந்த லைன் வீடுகளில் இருப்பவர்களையே அழைத்து, ஊரில் உங்களை என்னவென்று அழைத்தார்கள், இங்கே என்னவென்று அழைக்கிறார்கள் என்று இரண்டு கேள்வியாகக் கேட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.